செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், டாக்டர்

நம் மொரீஷியஸ் தீவின் நீரிழிவுச் சிறப்பு மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் உங்கள் ஆண்டுக் கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்துக்கு நோயாளிகளையும் குடும்பத்தாரையும் அழைத்திருந்தீர்கள். கடைசி வரிசையில் நானும் என் அண்ணனும் இருந்தோம். எனக்கு அங்கே போட்டிருந்த நாற்காலி, அவருக்கு அவருடைய சக்கர நாற்காலி. முடிவில் கேள்வி கேட்க நேரம் கொடுத்தீர்கள். என்னால் கையைத் தூக்க முடியவில்லை. அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருப்பதை இப்போது எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் இரண்டு பேருக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். மற்றவர்களுக்காகப் பிரெஞ்சுப் படியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஆனால் நான் கேட்கப் போவதில் பாதியை நம் கோயில் சபைகளும் தமிழ்க் குடும்பங்களும் உங்களோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இந்தத் திறந்த மடல்.

முதலில் நன்றி. உங்கள் அறிக்கையை நான் வரிக்கு வரி குறித்துக்கொண்டேன். இளம் டாக்டர்களுக்கு மாதா மாதம் பயிற்சி நடத்தியிருக்கிறீர்கள். சர்க்கரையோடு பிறக்கும் பிள்ளைகள் என்று நாங்கள் அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளின் பெற்றோரை உட்கார வைத்து இன்சுலின் போடப் பழக்கியிருக்கிறீர்கள். கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை பார்ப்பதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடியிருக்கிறீர்கள். இதெல்லாம் சம்பளத்துக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த வேலை என்று எனக்குத் தெரியும். வரும் ஆண்டுக்கு ஒரு மாநாடு, நோயாளிகளுக்கான பதிவேடு, கைப்பேசிச் செயலி என்று திட்டமும் வாசித்தீர்கள். நல்லது, நடக்கட்டும்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கால் என்ற சொல் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதுவும் நீரிழிவு எந்தெந்த உறுப்பைத் தாக்கும் என்ற பட்டியலில், கடைசியாக. அண்ணன் அப்போது தன் மடியில் விரித்திருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். துண்டுக்குக் கீழே இடது பக்கம் முழங்காலோடு நின்றுவிடுகிறது.

அவருடைய கதையைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். 17 ஆண்டுகளாக டியபெட், அதாவது நீரிழிவு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரான்தேவூ, டாக்டரைப் பார்க்கக் குறித்த நாள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுப்பார். அப்புறம் ஒருநாள் டாக்டரைப் பார்ப்பார். டாக்டர் கார்டைப் பார்ப்பார், சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று எழுதுவார், மாத்திரையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார், அடுத்த தேதியைக் கொடுப்பார். வாசலில் இன்னும் 40 பேர் காத்திருக்கிறார்கள். அவர் வேகமாகத்தான் பார்த்தாக வேண்டும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. 17 ஆண்டு, ஆண்டுக்கு நான்கு தடவை. கிட்டத்தட்ட 70 தடவை அண்ணன் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவைகூட, எழுதிக்கொள்ளுங்கள், ஒரு தடவைகூட யாரும் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

அவர் 20 வயதிலிருந்து தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். பத்து நாள் விரதம் இருந்து, அலகு குத்தி, ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பார். நம் ஊரில் அது கொளுத்தும் கோடை. தார்ச்சாலை அடுப்புக்கல் மாதிரி இருக்கும். வீட்டுப் பெண்கள் முன்னால் வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்ப் பாதையில் ஊற்றிக்கொண்டே போவோம். அந்த ஆண்டு அண்ணன் கோயிலில் பால்குடத்தை இறக்கிவிட்டு என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இந்த வருஷம் முருகன் எனக்குச் சூடே தெரியாமல் பண்ணிட்டார், தங்கச்சி." நான் கை கூப்பினேன். எனக்கும் கண்ணில் நீர் வந்தது.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு அவர் கால் சுட்டது என்று சொன்னாரா? அதற்கு முந்தைய ஆண்டு? நினைவில்லை. அந்தச் சூடு எப்போது அவரை விட்டுப் போனது என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

வாழையிலையில் ஏழு கறிச் சோறு சாப்பிட்டு, மறுநாளிலிருந்து வழக்கம்போல சவாத்தை, அந்த ரப்பர் செருப்பை, போட்டுக்கொண்டு தோட்டத்துக்கும் கடைக்கும் போய்வந்தார். ஒன்பது நாள் கழித்துப் பேத்தி தரை துடைக்கும்போது வெள்ளை ஓட்டில் பழுப்பாகக் கறை, இரண்டடிக்கு ஒன்று. யார் காலில் ரத்தம் என்று அவள் கேட்டாள். எல்லாரும் காலைத் திருப்பிப் பார்த்தார்கள். அண்ணன்தான் கடைசியாகத் திருப்பினார். இடது கட்டை விரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி. அவர் முகத்தில் வலி இல்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பக்கத்து டிஸ்பான்சேரில், சிறு அரசு மருந்தகத்தில், மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள். மேலே கட்டு வெள்ளையாக இருந்தது, உள்ளே விரல் கறுத்தது. பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். முதலில் கட்டை விரல். அப்புறம் பாதத்தின் முன்பாதி. அப்புறம் முழங்காலுக்குக் கீழே. மூன்று தடவையும் கையெழுத்துப் போட்டவள் நான், ஏனென்றால் அண்ணி அந்தத் தாளைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் என்று எழுதப் போவதில்லை. ஒருவருடைய பிழையாக இருந்தால் அந்த ஒருவரிடம் போய்ப் பேசியிருப்பேன். 17 ஆண்டில் அண்ணனைப் பார்த்த டாக்டர்கள் பத்து இருபது பேராவது இருக்கும். அத்தனை பேரும் நல்லவர்கள். அத்தனை பேருக்கும் அதற்கு மேலே நேரமில்லை. அதனால்தான் ஒரு டாக்டருக்கு எழுதாமல் சங்கத்துக்கு எழுதுகிறேன்.

அதன் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். பள்ளி ஆசிரியை படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத்தான். தப்பிருந்தால் திருத்துங்கள். சர்க்கரை பல ஆண்டு கூடியே இருந்தால் முதலில் காலின் நுனி நரம்புகள் கெடுகின்றன. வலியும் சூடும் தெரியாமல் போகிறது. வேர்வை சுரப்பது குறைந்து தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் இளைத்து விரல்கள் கொக்கிபோல் மடங்க, உடம்பின் பாரம் ஒரே இடத்தில் விழுந்து அங்கே தோல் தடிக்கிறது. அந்தத் தடிப்புக்கு அடியில் புண் பிறக்கிறது. ரத்தக் குழாயும் அடைத்திருந்தால் ஆற வழியில்லை. நீரிழிவால் கால் எடுக்கப்பட்ட நூறு பேரைப் பார்த்தால் ஏறக்குறைய 85 பேருக்கு அது ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்கியிருக்கிறது. நீரிழிவுக்காரர்களில் ஐந்தில் ஒருவருக்காவது, சில கணக்குப்படி மூன்றில் ஒருவருக்கு, வாழ்நாளில் எப்போதாவது காலில் புண் வருகிறது. முழங்கால் அளவுக்குக் காலை இழந்தவர்கள் எத்தனை ஆண்டு இருக்கிறார்கள் என்ற கணக்கையும் படித்தேன். அதை மட்டும் அண்ணனிடம் சொல்லவில்லை.

படித்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு மனிதரின் வாழ்க்கை. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். 1914-ல் தமிழ்நாட்டில் கொல்லிமலையில் பிறந்தவர், வெள்ளைக்கார மிஷனரிகளின் பிள்ளை. இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946-ல் வேலூருக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் நோயாளிகளோடு கூடவே இருந்து பார்த்தார். அடுப்புச் சட்டியை வெறுங்கையால் இறக்குகிறார்கள், முள் குத்தியது தெரியாமல் நடக்கிறார்கள். விரலைத் தின்றது நோய் அல்ல, வலி தெரியாததால் ஏற்பட்ட காயங்கள்தான் என்று காட்டினார். பிறகு 1966-ல் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே நீரிழிவுக்காரர்களின் காலைப் பார்த்தபோது அது தனக்குத் தெரிந்த கால் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தொழுநோய்க்கு வேலூரில் கற்ற பாடம் அப்படியே நீரிழிவுக்குப் போனது. புண்பட்ட காலின் மேல் பாரம் விழாமல் மாவுக்கட்டுப் போட்டு நடக்க வைக்கும் முறை பரவியதில் அவருக்கும் அவர் கூட்டத்தாருக்கும் பெரிய பங்கு. கால்கள் எடுக்கப்படுவதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று அவரிடம் கேட்டபோது, விலையுயர்ந்த எந்தக் கருவியையும் அவர் சொல்லவில்லை. நோயாளியின் செருப்பையும் காலுறையையும் கழற்றிப் பாருங்கள், டாக்டர்களை அதற்குப் பழக்குங்கள் என்பதுதான் அவர் சொன்ன வழி.

கொல்லிமலையில் பிறந்தவர் சொன்னது கடல் தாண்டி எங்கெங்கோ போயிருக்கிறது. கோர் டெ கார்ட் மலையடியில், காவடி எடுக்கும் எங்களிடம் இன்னும் வந்து சேரவில்லை.

இந்தத் தீவுக்குச் செய்யத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. நாம் செய்து காட்டிய நாடு. 1987-ல் இங்கே நாடளாவிய ஆய்வு நடத்தி, இந்திய வம்சத்தார், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்கள், சீனர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரிடமும் நீரிழிவு மிகுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். உலகத்து நிபுணர்கள் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். அதே சமயத்தில் ரேஷன் எண்ணெயை மாற்றினார்கள். பாமாயில் மிகுந்திருந்த எண்ணெய் போய்ச் சோயா எண்ணெய் வந்தது. என் அம்மாவுக்கு எண்ணெய் மாறியதுகூடத் தெரியாது. பருப்பு வடை மாதிரியான காத்தோ பிமாவை அதே சட்டியில்தான் பொரித்தாள். ஐந்தே ஆண்டில், 1992-ல் மறுபடி அளந்தபோது, மக்களின் சராசரிக் கொலஸ்டிரால், லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், 5.5-லிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. மேலே ஒரு மேசையில் எடுத்த ஒரு சின்ன முடிவு ஒவ்வொரு சமையலறைக்கும் போய்ச் சேர்ந்தது. செருப்பைக் கழற்றுவதும் அந்த மாதிரி ஒரு முடிவுதான்.

கண் விஷயத்திலும் பார்த்தோம். மோக்காவில் கண் மருத்துவமனைக்கு நம் பாரதியார் பெயரை வைத்தார்கள் என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். நீரிழிவு இருந்தால் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இன்றைக்கு எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கண் மங்குவதற்கு முன்னாலேயே போகிறோம். காலுக்கு மட்டும் புண் வந்த பிறகுதான் போகிறோம். காலுக்கென்று தனிப் பிரிவும் அதற்குப் பயிற்சி பெற்ற தாதியரும் மருத்துவமனைகளில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அண்ணனின் மிச்சமிருக்கும் காலை இன்றைக்குக் கண்ணைப்போல் காப்பது அப்படி ஒரு தாதிதான். அவரை 17 ஆண்டுக்கு முன்னால் சந்தித்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றுகிறது.

இதற்கு என்ன காரணம் என்று பல நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். கண்ணுக்கு ஒரு சிறப்பு மருத்துவர் இருக்கிறார். சிறுநீரகத்துக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர். கால் யாருடையது? நரம்பு கெட்டால் நரம்பு மருத்துவர், குழாய் அடைத்தால் ரத்தக் குழாய் மருத்துவர், சீழ் பிடித்தால் பொது அறுவை, எலும்பு வரை போனால் எலும்பு மருத்துவர். சர்க்கரை மட்டும் உங்களுடையது. அண்ணன் இந்த எல்லா வாசலிலும் நின்றார். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகச் செய்தார்கள். முழுக்காலையும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள ஒருவர் இல்லை. அந்த ஒருவராக உங்கள் சங்கம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. மற்ற சிறப்பு மருத்துவர் சங்கங்களை ஒரு மேசைக்கு அழைக்கும் மதிப்பு உங்களுக்கு இருக்கிறது.

உங்கள் துறைக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான பிரௌன்-செக்கார் என்ற மருத்துவர் நம் போர்ட் லூயிஸில் 1817-ல் பிறந்தவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போ பாசான் மனநல மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். சுரப்பிகளைப் பற்றி முதலில் யோசித்தவர்களில் ஒருவர், வலியுணர்வு தண்டுவடத்தில் எந்தப் பக்கமாக ஏறுகிறது என்று கண்டறிந்தவரும் அவரே. சுரப்பியும் உணர்வும் ஒரே மனிதரின் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தன. அண்ணனின் கார்டில் சுரப்பி, அதாவது சர்க்கரைக் கணக்கு, இருந்தது, காலின் உணர்வு இல்லை.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். உங்கள் வரும் ஆண்டுத் திட்டத்தில் நான் சேர்க்கச் சொல்வது இது: இந்தத் தீவில் நீரிழிவுக்கு மருந்து வாங்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருவர் முன்னால் செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். அது டாக்டராக இருக்க வேண்டியதில்லை. டிஸ்பான்சேரில் ரத்தம் எடுக்கும் நாளில் தாதி பார்க்கலாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த நைலான் இழையை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு. பாதத்தில் சில இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கிறார்கள். சில நிமிட வேலை. எங்கள் நீரிழிவுக் கார்டில் சர்க்கரைக்குக் கட்டம் இருக்கிறது, பிரஷருக்கு இருக்கிறது, எடைக்கு இருக்கிறது. காலுக்கு ஒரு கட்டம் போடச் சொல்லி அமைச்சகத்துக்கு எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தால் நோயாளியே கேட்பான். நான் கேட்பேன்.

எல்லாரையும் அடிக்கடி பார்க்க வேண்டியதும் இல்லை என்று உங்கள் துறையின் உலக வழிகாட்டுதலே சொல்கிறது. உணர்வும் ரத்த ஓட்டமும் நன்றாக இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு தடவை போதும். ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒரு தடவை. இரண்டும் குறைந்திருந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள். ஏற்கெனவே புண் வந்து ஆறியவர், விரல் இழந்தவர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள். பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் நாட்டில், யாரை முதலில் பார்ப்பது என்று இப்படிப் பிரித்துக்கொண்டால்தான் ஆள் போதும். எங்களிடம் பணமில்லை, ஆளில்லை என்று சொல்லாதீர்கள். இதே கடலின் அந்தக் கரையில், தான்சானியாவில் தார் எஸ் சலாமில், டாக்டர் சுல்ஃபிகராலி அப்பாஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஊர் ஊராக ஒரு டாக்டர், ஒரு தாதி என்று இரண்டிரண்டு பேராகப் பயிற்சி கொடுத்தே கால் இழப்பைக் குறைத்திருக்கிறார்கள். நம்மைவிட வசதி குறைந்த நாடு அது.

இன்னொன்று, எண்ணுங்கள். நீங்கள் தொடங்கப் போகும் பதிவேட்டில் முதல் பக்கத்தில், இந்த ஆண்டு இந்தத் தீவில் நீரிழிவால் எத்தனை கால்கள் எடுக்கப்பட்டன என்ற எண் இருக்கட்டும். அதை அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் முன்னால் படியுங்கள். 1989-ல் இத்தாலியில் செயின்ட் வின்சென்ட் என்ற இடத்தில் ஐரோப்பிய டாக்டர்களும் நோயாளிகளும் அரசுக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஐந்தாண்டில் கால் எடுப்பதைப் பாதியாகக் குறைப்போம் என்று அறிவித்தார்கள். எல்லா நாடும் அதை எட்டவில்லை. ஆனால் அப்படி ஒரு எண்ணை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பல இடங்களில் வேலையே ஆரம்பித்தது. உங்கள் அறிக்கையில் எத்தனை கூட்டம், எத்தனை பயிற்சி, எத்தனை பேர் வந்தார்கள் என்றெல்லாம் இருந்தது. எத்தனை கால் மிஞ்சியது என்பதையும் சேர்த்துப் படித்தால், கடைசி வரிசையில் இருக்கும் எங்களுக்கும் உங்கள் ஆண்டு எப்படிப் போனது என்று புரியும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது, அதற்காக நாம் போராடியும் இருக்கிறோம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கால் பராமரிப்பைப் பற்றித் தமிழில் துண்டறிக்கை போடுங்கள் என்று தமிழாசிரியையாகிய நானே கேட்க மாட்டேன். அண்ணிக்குத் தமிழ் தேவாரத்துக்கு, நம் தீவின் பேச்சு மொழியான கிரியோல் வாழ்க்கைக்கு. மருத்துவமனையில் அவள் கையில் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கிரியோலில் எழுதுங்கள். இன்னும் நல்லது, கிரியோலில் பேசிக் காட்டுங்கள்.

இனி கோயில் சபைகளுக்கும் குடும்பங்களுக்கும்.

விரதத்தையும் காவடியையும் விடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. என் அண்ணனிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. பத்து நாள் ஒருவேளை மட்டும் சாப்பிடும்போது, கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி மயக்கம் வரலாம். கொடியேற்றத்துக்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். தாமாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர்களே, அவர்கள் வந்து கேட்டால் விரதமே கூடாது என்று ஒரே வரியில் அனுப்பிவிடாதீர்கள். அப்படி அனுப்பினால் அவர்கள் விரதம் இருப்பார்கள், உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அண்ணன் சொன்னதே இல்லை.

காவடிக்கும் தீமிதிக்கும் பெயர் கொடுக்கும்போது, நீரிழிவு இருக்கிறதா என்று சபை கேட்கட்டும். இருக்கிறது என்றால் வீட்டில் ஒரு சோதனை செய்துவிட்டு வரச் சொல்லட்டும். அது இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் டாக்டர்கள் கண்டுபிடித்த சுலபமான சோதனை, கருவியே வேண்டாம். நீரிழிவு உள்ளவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய இரண்டு காலிலும் கட்டை விரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஒன்றிரண்டு விநாடி மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலமா இடமா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு விரலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அந்த ஆண்டு அவர் வெறுங்காலோடு தாரில் நடக்கவும், தீயில் இறங்கவும், ஆணிச் செருப்பில் நிற்கவும் வேண்டாம். காலணியோடு காவடி எடுக்க ஒரு வழியைக் குருக்களும் சபையும்தான் சொல்ல வேண்டும். தன் பிள்ளை கால் இழப்பதை முருகன் கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

இந்தச் சோதனையை நான் என் வீட்டில் செய்துவிட்டேன். எனக்கும் ஒன்பது ஆண்டாக டியபெட். பேத்தி தொட்டாள். ஆறில் ஐந்து தெரிந்தது. இடது சுண்டுவிரலைத் தொட்டுவிட்டு அவள் காத்துக்கொண்டே இருந்தாள், நானோ அவள் இன்னும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கோயில் சபையிடம் பேசிவிட்டேன். தைப்பூசக் கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும், மண்டபத்தைத் தருகிறார்கள். நாற்காலிகள் இருக்கின்றன. விளக்கு வெளிச்சம் போதாது, அதற்கு இரண்டு பெரிய விளக்கு ஏற்பாடு செய்கிறோம். கால் கழுவத் தண்ணீரும் துண்டும் எங்கள் பொறுப்பு. ஓய்வுபெற்ற தாதியர் நான்கு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தால் போதும், எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்குக் காட்டிக் கொடுங்கள். அடுத்த வாரம் நாங்களே வேறு கோயிலுக்கும், மசூதிக்கும், சர்ச்சுக்கும் எடுத்துப் போகிறோம். வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்லும் வேலைகூட உங்களுக்கு இருக்காது, கோயில் வாசலிலேயே எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

எந்த ஞாயிறு உங்களுக்குச் சௌகரியம் என்று மட்டும் எழுதுங்கள். முதல் நாற்காலியில் தான் உட்கார்ந்து வலது காலைக் காட்டுவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.

மிகுந்த மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி
காத்ர் போர்ன், மொரீஷியஸ்